கெஸ்டெட்னர் இயந்திரமும் ஒரு கைநாட்டுக் கட்டமும்

போன மாதம் என் இளைய மகள் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாள். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பத்து ஆண்டுகளாகப் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறாள். அதை விட்டுவிட்டு, மனிதரை மையமாக வைத்துப் பொருட்களை வடிவமைக்கும் படிப்பில் சேரப் போகிறாளாம். “36 வயசுல, வீட்டுக் கடனை வச்சுக்கிட்டு இது என்ன புதுப் பைத்தியம்?” என்று சத்தம் போட்டேன். அவள் கோபப்படவில்லை. “அப்பா, எப்ப முடியும், எவ்வளவு செலவாகும்னே பத்து வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். யாருக்காகச் செய்யறோம்னு ஒரு நாளும் கேட்கல” என்றாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ரேமோன் லோவி நினைவுக்கு வந்தார். பிரெஞ்சு வழியில் படித்தவனாதலால் அவருடைய தன்வரலாற்றைப் பிரெஞ்சிலேயே வாசித்திருக்கிறேன். ‘லா லெதூர் ஸ வான் மால்’ என்று பெயர். அவலட்சணம் விலைபோகாது என்று பொருள்.

லோவி 1893-இல் பாரீசில் பிறந்தவர். படித்தது பொறியியல். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிவிட்டு 1919-இல் நியூயார்க் போனார். அங்கே கடைகளின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரித்தார். நாகரிக உடைகளைப் பத்திரிகைகளுக்கு வரைந்து கொடுத்தார். 1929-இல் சிக்மண்ட் கெஸ்டெட்னர் தம் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரத்தைத் திருத்தித் தரச் சொன்னபோது லோவிக்கு வயது 35.

அந்த இயந்திரத்தில் பற்சக்கரங்களெல்லாம் வெளியே தெரியும். மையும் காகிதத் தூசும் அவற்றில் படியும். நான்கு கால்களும் வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருந்ததால், பக்கத்தில் போகிறவர்கள் தடுக்கி விழும்படி இருந்தது. லோவி இயந்திரத்தின் மேலேயே களிமண்ணைப் பூசிப் புது உருவம் கொடுத்தார். உறுப்புகளை உறைக்குள் மூடினார். கால்களை உள்ளே இழுத்தார். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதோடு, அதன் அருகில் நிற்கும் ஆளுக்கு என்ன ஆகிறது என்றும் பார்த்தார்.

பின்னர் அவர் வடிவமைத்த குளிர்பதனப் பெட்டியின் கதவை, இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தாலும் முழங்கையால் தள்ளித் திறக்கலாம். 1967-இல் நாசா அவரை ஆலோசகராக அமர்த்தியது. ஸ்கைலாப் விண்நிலையத்துக்கு ஒரு ஜன்னல் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஜன்னலால் கட்டுமானம் பலவீனமாகும் என்று பொறியாளர்கள் தயங்கினார்கள். கடைசியில் ஜன்னல் வைத்தார்கள். 1973-இல் மேலே போன வீரர்கள் ஓய்வு நேரத்தில் அதன் வழியாகப் பூமியைப் பார்ப்பதையே பெரிதும் விரும்பினார்கள்.

இனி என் கதை. எழுபதுகளில் எங்கள் அலுவலகத்திலும் ஒரு கெஸ்டெட்னர் இருந்தது. ஸ்டென்சில் வெட்டுவதும் நகலெடுப்பதும் என் பொறுப்பு. விதவை ஓய்வூதிய விண்ணப்பத்தை இரண்டு பக்கத்திலிருந்து ஒரே பக்கமாகச் சுருக்கினேன். தாள் மிச்சம் என்று மேலதிகாரி பாராட்டினார். இடம் போதாததால் கைநாட்டுக் கட்டத்தைச் சிறிதாக வரைந்திருந்தேன். உழைத்து உழைத்துத் தடித்த பெருவிரல் அதில் எப்படி அடங்கும்? ரேகை கோட்டைத் தாண்டி, பக்கத்திலிருந்த எழுத்தின் மேல் விழுந்தது. ‘தெளிவில்லை’ என்று எழுதித் திருப்பியனுப்பியதும் நான்தான்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி மூன்று முறை பேருந்தில் வந்து போனார். மூன்றாவது முறை எங்கள் பியூன் தன் பெருவிரலை அந்தக் கட்டத்தில் வைத்துக் காட்டி, “ஐயா, இதுல உங்க விரலே அடங்காது” என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. அன்று மாலையே வேறு ஸ்டென்சில் வெட்டினேன். ஆனால் அந்தப் பாட்டி கொடுத்த பேருந்துக் கட்டணத்தை யார் திருப்பித் தந்தது?

மறுநாள் காலை மகளைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதுதாம்பா நான் படிக்கப் போறது” என்றாள். வீட்டுக் கடன் பற்றிய பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும், படிப்பு முடியும் வரை மாதத் தவணையில் பாதியை என் ஓய்வூதியத்திலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.