மலையேறிய சிங்கர்

ஜமுனாமரத்தூருக்கு அப்பால், சாமை விளையும் சரிவுகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில் பழைய தையல் எந்திரம் ஒன்று ஓடாமல் கிடப்பதாகக் கேள்வியுற்று, நாங்கள் மூவர் அங்குச் சென்றிருந்தோம். எந்திரத்திற்கு உரியவர் கணவரை இழந்த ஒரு மலையாளிப் பெண். ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்து அவர் ஈட்டிவந்த வருவாய் மூன்று மாதங்களாக நின்றுபோயிருந்தது. கீழிருந்து வந்த பழுதுபார்ப்பவர் ஒருவர், இதற்குச் சாமான் கிடைக்காது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிச் சென்றாராம். அரசு இலவசமாக வழங்கும் தையல் எந்திரத்திற்கு விண்ணப்பிக்கலாமே என்றோம். "எழுதிக் கொடுத்திருக்கேனுங்க. அது வர்ற வரைக்கும் தீபாவளித் துணி காத்திருக்குமா?" என்று கேட்டார் அந்த அம்மையார். எங்களிடம் விடை இல்லை.

எந்திரத்தின் அடிப்பாகத்தைத் துடைத்துப் பார்த்தபோது ஒய் என்ற ஆங்கில எழுத்தும் அதனை அடுத்து ஏழு இலக்கங்களும் தெரிந்தன. சிங்கர் நிறுவனம் ஒவ்வோர் எந்திரத்திற்கும் எண் பொறித்தது. அந்த எண்ணே அதன் ஞானஸ்நானப் பதிவேடு எனலாம். ஒய் என்னும் எழுத்து ஸ்காட்லாந்திலுள்ள கிளைடுபாங்க் தொழிற்சாலைக்கு உரியது. 1920களின் தொடக்கத்திலிருந்து 1930களின் நடுப்பகுதி வரை வழங்கியது. 1885ஆம் ஆண்டு முதல் இயங்கிய அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. பெற்றெடுத்த வீடு இல்லாமற்போன பின்னரும் பிள்ளை ஜவ்வாது மலையில் பிழைத்திருந்தது!

தையல் எந்திரத்தின் வரலாறு கண்ணீரோடுதான் தொடங்கியது. 1830இல் பிரெஞ்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தலமி திமோனியே தம் எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். படைவீரர் சீருடை தைக்கப் பாரிசில் அவர் நிறுவிய பட்டறையை, பிழைப்புப் போய்விடுமென அஞ்சிய தையற்காரர்களே அடுத்த ஆண்டில் புகுந்து நொறுக்கினர். அவர் 1857இல் வறியவராகவே இறந்தார். 1846இல் எலியாஸ் ஹோவும் 1851இல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். 1856இல் சிங்கர் நிறுவனம் தவணை முறையைக் கொண்டுவந்தது. ஏழைக் குடும்பத்துக்குள் எந்திரம் நுழைந்த வாசல் அதுவே. இந்தியாவில் இவ்வாணிகத்தை வளர்த்தவர்களுள் பம்பாய்ப் பார்சிக்காரரான என். எம். பட்டேல் குறிப்பிடத்தக்கவர்.

காந்தியடிகள் 1924இல் நிகழ்ந்த ஓர் உரையாடலில், எந்திரங்களுக்கு எதிரான தம் கருத்துக்குச் சிங்கர் எந்திரத்தை விலக்காகக் கொண்டார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு பொறாத அன்பே அதன் பிறப்புக்குக் காரணம் என்பது அவர் எண்ணம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. சிங்கர் பணம் கருதியே அதனைச் செய்தார். இல்லற ஒழுக்கத்தில் அவரை எடுத்துக்காட்டாகக் கூறவும் இயலாது. எனினும் அடிகள் அன்பைத் தேடிய இடம் தவறன்று என்றே எமக்குத் தோன்றுகிறது. அது செய்தவரிடம் இல்லாவிடினும், மிதிப்பவர்களிடம் இருந்தது.

எங்கள் எந்திரம் பதினைந்தாம் வகையைச் சார்ந்தது. இதுவே எங்களைக் காப்பாற்றியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானியர் இவ்வகையையே படியெடுத்துப் பெருந்தொகையாய்ச் செய்தனர். 1930களில் கல்கத்தாவில் தோன்றிய நம் நாட்டு உஷாவும் இவ்வழியில் வந்ததே. ஆகவே ஊசி, பாபின் போன்றவை இன்றும் லூதியானாவிலிருந்து வந்து எந்தச் சிறு நகரிலும் கிடைக்கின்றன. படகு போன்ற நீண்ட நாடாவுடைய இருபத்தெட்டாம் வகையாயின் நூல் சுற்றும் உருளையே வேறு. அதனினும் பழைய பன்னிரண்டாம் வகைக்கு ஊசி தேடுவோர் படும் பாடு சொல்லத் தரமன்று.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு. அந்த அம்மையார் பல ஆண்டுகளாகத் தேங்காய் எண்ணெயே விட்டு வந்திருந்தார். மலையின் மார்கழிக் குளிரில் அது உறைந்து, நூல்துகளோடு கலந்து, மெழுகாய்ப் படிந்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தோம். மறுநாள் காலை சக்கரம் அசைந்தபோது, வாசலில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தேய்ந்திருந்த பாபின் கேஸை மாற்ற மலையிறங்கி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போளூருக்குச் சென்றோம். வாங்கி வந்தது பொருந்தவில்லை. பார்வைக்கு அதே உருவம், அதே அளவு. நெடுநேரம் கழித்தே உண்மை விளங்கிற்று. இவ்வுறுப்பில் விரல் போன்ற நீட்டம் ஒன்றுண்டு. அது சில எந்திரங்களில் கடிகாரத்தின் பதினொரு மணி நிலையிலும், சிலவற்றில் ஒரு மணி நிலையிலும் அமைகிறது. எங்களுக்கு வேண்டியது ஒரு மணி. கொண்டுவந்ததோ பதினொரு மணி! பழைய உறுப்பைக் கையோடு எடுத்துச் செல்லாத மடமைக்கு ஒரு நாள் பேருந்துப் பயணத்தைத் தண்டமாகக் கட்டினோம்.

ஊசியை இறுக்கும் திருகு இதனினும் கடினமாயிற்று. சிங்கர் நிறுவனம் தன் திருகுகளுக்குத் தனக்கே உரிய புரியளவை வைத்திருந்தது. கடைத்தெருத் திருகை வலிந்து முடுக்கினால் துளையின் புரியே அழிந்துவிடும். முன்பு வந்தவர் அப்படி முடுக்கத் தொடங்கி நல்லவேளையாகப் பாதியில் விட்டிருந்தார். போளூரில் முதிய தையற்காரர் ஒருவர், வாழ்நாள் முடிந்த எந்திரங்களின் திருகுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். டப்பாவைத் தாளில் கவிழ்த்து, ஒவ்வொன்றாய் விரலால் சுழற்றிப் பார்த்து, ஒன்றை எடுத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இதே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பதை வாசகர் அறிவர். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட அதன் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதனைக் காண வருவோர் பலர். இந்தக் கறுப்பு எந்திரத்தைக் காண வந்தவர்கள், துணியோடு வந்த அண்டை வீட்டார் மட்டுமே. தோல் வாரை அளந்து வெட்டி மாட்டியதும் அந்த அம்மையார் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு மிதித்தார். முதல் தையல் கோணலாக ஓடியது. மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றே தளர்த்தினோம். இரண்டாவது நேராக ஓடியது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது.

பாபினை மூடும் நகர்தகடு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு அட்டைத்துண்டொன்று அவ்விடத்தை மூடியிருக்கிறது. பதினைந்தாம் வகைச் சிங்கர் எவர் வீட்டுப் பரணிலேனும் உதிரியாகக் கிடந்தால், இனி உதவாதென்று எடைக்குப் போடுமுன் அந்தத் தகட்டைக் கழற்றி வைக்குமாறு வேண்டுகிறோம்.