மரமும் வலையும்

கணிப்பொறி வல்லுநர்களின் ஆய்வுரைகளில் கவிதை தேடுவது வீண்வேலை என்று இலக்கிய வாசகர்கள் எண்ணக்கூடும். எனினும் 1985 ஆம் ஆண்டு ராடியா பெர்ல்மன் எழுதிய ஓர் ஆய்வுரையில் கவிதை ஒன்று இடம்பெற்றிருக்கிறது. ஜாய்ஸ் கில்மர் 1913 இல் எழுதிய 'மரங்கள்' என்னும் கவிதையின் சாயலில் அமைந்த அதன் பெயர் 'அல்கோரைம்'. அதுவும் மரத்தைப் போற்றுவதே. ஆனால் அந்த மரம் கணிப்பொறிகளை இணைக்கும் கம்பிகளால் ஆனது.

அன்றைய சிக்கலை முதலில் காண்போம். ஈதர்நெட் வலையமைப்பில் செல்லும் தரவுப் பொட்டலத்துக்கு ஆயுள் கணக்கு கிடையாது. இரண்டு இடங்களுக்கிடையே இரு வழிகள் இருந்து அவை வளையமாகிவிட்டால், அனைவருக்கும் அனுப்பப்பட்ட பொட்டலம் ஒன்று முடிவின்றிச் சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பையே முடக்கிவிடும். டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்ல்மன் இதற்குத் தீர்வு கண்டார். இணைப்புக் கருவிகள் தமக்குள் பேசி ஒன்றை வேராகத் தேர்ந்துகொள்ளும். எந்த இரு இடங்களுக்கும் இடையே ஒரே வழியை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை அடைத்துவிடும். திறந்திருக்கும் வழி அறுந்தால் அடைத்த ஒன்றைத் திறக்கும். 1990 இல் இது பொதுத் தரமாயிற்று.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலை இருந்தது. காசு கொடுத்து வாங்கிய கம்பிகள் பல உறங்கிக் கிடந்தன. போக்குவரத்தோ வேரை நோக்கி நெரிந்தது. சிறிய அலுவலகத்தில் இது பொருட்டன்று. பல்லாயிரம் கணிப்பொறிகள் ஒரே வினாவுக்குக் கூடி விடை தேடும் தரவு மையங்கள் தோன்றியபோது, உச்சியில் வைப்பதற்கு மேலும் மேலும் பெரிய, விலையுயர்ந்த சுவிட்சுகள் தேவைப்பட்டன.

இதற்கான விடை தொலைபேசித் துறையில் முன்பே இருந்தது என்பதுதான் வியப்பு. பெல் ஆய்வுக்கூடத்தின் சார்லஸ் க்ளோஸ் 1953 இல் ஒரு கணக்கை வெளியிட்டார். ஒரு பெரிய சுவிட்சுக்கு மாற்றாகச் சிறியவற்றை மூன்று அடுக்குகளாக வைக்கலாம் என்றார். நுழைவுச் சுவிட்சிலும் வெளியேறும் சுவிட்சிலும் பத்துப் பத்து இணைப்புகள் உள்ளன என்று கொள்வோம். புதிய அழைப்பு ஒன்று வரும்போது, அழைப்பவர் பக்கத்தில் மற்ற 9 பேரும், அழைக்கப்படுபவர் பக்கத்தில் மற்ற 9 பேரும் சேர்ந்து நடு அடுக்கில் மிகுதியாக 18 சுவிட்சுகளையே பிடித்திருக்க முடியும். 19 ஆவது ஒன்று இருந்தால் அழைப்புக்கு வழி கிடைத்தே தீரும்.

1985 இலேயே, சார்லஸ் லைசர்சன் இணைக் கணிப்பொறிகளுக்காக, வேரை நெருங்க நெருங்கக் கிளை தடிக்கும் 'கொழுத்த மரம்' என்னும் அமைப்பை முன்வைத்தார். 2008 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த அல்-ஃபாரெஸ், லூகிஸ்ஸாஸ், வாதத் ஆகிய மூவரும் இவற்றைத் தரவு மையத்துக்குக் கொண்டுவந்தனர். 48 துளைகள் கொண்ட மலிவான சுவிட்சுகளை மட்டுமே கொண்டு 27,648 கணிப்பொறிகளை இணைக்கலாம் என்று காட்டினர். வெவ்வேறு தொகுதிகளில் உள்ள இரு கணிப்பொறிகளுக்கிடையே அதில் 576 சம நீள வழிகள் உண்டு. கூகிள் தனது தரவு மையங்களில் பத்தாண்டுகளாக க்ளோஸ் அமைப்பையே பயன்படுத்தி வந்ததை 2015 இல் வெளிப்படுத்தியது.

வழிகள் பலவாயின. எந்த வழியில் அனுப்புவது? ஓர் உரையாடலின் பொட்டலங்கள் பிரிந்து சென்றால் முன்பின்னாக வந்து சேரும்; அனுப்புபவர் பக்கம் அதை இழப்பு என்று மயங்க, அனுப்பும் வேகம் குறைந்துவிடும். ஆகவே முகவரிகளையும் துளை எண்களையும் ஒரு கணக்கில் இட்டு, கிடைக்கும் எண்ணுக்கேற்ப ஓர் உரையாடலுக்கு ஒரு வழி என ஒதுக்கினர். இதில் இரு பெரும் உரையாடல்கள் தற்செயலாக ஒரே வழியில் சிக்க, பக்கத்து வழி வெறிச்சோடிக் கிடப்பதுண்டு. ஹெடெரா (2010), காங்கா (2014) போன்ற முயற்சிகள் இக்குறையைக் களையப் புறப்பட்டவையே. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியில் உரையாடல்கள் சில, ஆனால் ஒவ்வொன்றும் பெருவெள்ளம். எனவே பொட்டலங்களை எல்லா வழிகளிலும் தூவிவிட்டு, முன்பின்னாக வருவதைப் பெறுமிடமே ஏற்றுக்கொள்ளும் முறையை 2025 இல் வெளியான அல்ட்ரா ஈதர்நெட் தரம் இடம்பெறச் செய்தது.

2011 இல் பெர்ல்மனும் பிறரும் 'டிரில்' என்னும் நெறியை வெளியிட்டனர். அடைத்த வழிகளைத் திறந்துவிடுவதே அதன் நோக்கம். அந்த ஆவணத்திலும் ஒரு கவிதை உண்டு. எழுதியவர் அவருடைய மகன். தாய் போற்றிய மரத்தினும் அழகிய வலை ஒன்றை அவர் அதில் எதிர்நோக்குகிறார். டிரில் பரவலாக வேரூன்றவில்லை. அந்த வலை வேறு வழியாக வந்து சேர்ந்தது.

மரம் பிழையானது என்று நாம் சொல்லவில்லை. வளையம் உயிரைக் குடிக்கும் இடத்தில் வழிகளை அடைத்ததே அறிவு. ஆனால் அச்சத்தால் அடைத்த வழிகளை, அச்சம் நீங்கிய பின் திறப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். தன் பெயரை நிலைநாட்டிய கண்டுபிடிப்பையே கடந்து செல்ல முயன்ற பெர்ல்மனிடம் அத்துணிவைக் காண்கிறோம்.