தறி நின்ற மாதங்களில்

எடப்பாடியில் விசைத்தறிச் சத்தமில்லாத இரவை அதுவரை நான் பார்த்ததில்லை. பொது முடக்கம் தொடங்கிய 2020 மார்ச் 25 முதல் பார்த்தேன். பாதி நெய்த துண்டு தறியிலேயே கிடந்தது, பாவு மேல் தூசி. நெய்தால்தான் கூலி.

“சும்மா கெடக்கறதுக்கு ஆடிப் பாருங்க மாப்ள” என்று மச்சான்தான் செல்போனில் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தார். போக்கர். கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து. மூணு சீட்டு ஆடிப் பழகிய கைக்கு இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். முதல் வாரம் நானூறு ரூபாய் ஜெயித்தேன். ரேஷன் சர்க்கரையில் பாயசம் வைத்தோம். ஆடிக்குள் மனைவியின் தோடு அடகுக்கடைக்குப் போய்விட்டது.

தாத்தா காலத்தில் சரபங்கா ஆற்றோரம் சீட்டாடினால் போலீஸ் விரட்டும். 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் அது. ஆனால் திறமை விளையாட்டை அந்தச் சட்டம் விட்டுவைத்திருந்தது. ரம்மி திறமையாட்டமே என்று 1968இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. செயலிக்காரர்கள் புகுந்தது இந்தச் சந்தில்தான்.

2020 நவம்பரில் எங்கள் ஊர்க்காரர் முதல்வராக இருந்தபோதே செயலியில் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்து அவசரச் சட்டம் வந்தது. அடுத்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023இல் புதுச் சட்டம். அதே ஆண்டு நவம்பரில் அதிலிருந்த ரம்மி, போக்கர் தடையை மட்டும் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாதென்று விதி. நான் தோற்றதெல்லாம் அந்த ஐந்து மணி நேரத்தில்தான்! அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆட்டத்துக்குத் தடைச் சட்டம் போட்டது.

தறி ஓடுகிறது. தோடு இன்னும் கடையில்தான்.