நின்று நின்று ஓடும் எஞ்சின்: அம்பாசடர் காலத்துப் பழுதறியும் கலை

முற்றாகச் செயலிழந்த எஞ்சினைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, சற்று நேரம் கழித்து எதுவும் நடவாததுபோல் மீண்டும் கிளம்பும் எஞ்சினே மெக்கானிக்கின் தேர்ச்சியைக் கடுமையாகச் சோதித்து வந்திருக்கிறது. வண்டி பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் கோளாறு மறைந்துவிடுவதே அதற்குக் காரணம். இந்தியாவில் இக்கோளாற்றைக் கண்டறியும் கலை, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடரோடு நெருங்கிப் பிணைந்து வளர்ந்தது.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்த அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கார்களுக்குக் கொண்டுவந்த பேட்டரி இக்னிஷன் முறையையே பின்பற்றியது. பேட்டரியின் மின்சாரம் காயிலின் முதற்சுற்றில் பாய்ந்துகொண்டிருக்க, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கேம் ‘பாயின்ட்’ எனப்படும் இரு தொடுமுனைகளைப் பிரிக்கும் கணத்தில் அவ்வோட்டம் அறுபட்டு, காயிலின் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகத் தெறிக்கும். ஓட்டம் சட்டென அறுபடவும், முனைகள் கருகாதிருக்கவும் துணைசெய்வது கண்டன்சர். முனைகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ. மட்டுமே என்பதால், சிறு தேய்மானமும் எஞ்சினைத் தடுமாறச் செய்தது.

எனினும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். உண்மையான இடர் வெப்பத்தில் மட்டும் தலைகாட்டும் பழுதுகளில் இருந்தது. கண்டன்சரின் உட்காப்போ காயிலின் சுற்றோ சூடேறியதும் பழுதாகி, ஆறியதும் சீராகிவிடுமாதலால், குளிர்ந்த நிலையில் செய்யும் சோதனை எதையும் காட்டாது. இதைவிட நுட்பமானது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்டுக்குச் செல்லும் சிறு ஒயரின் முறிவு. எஞ்சினின் உறிஞ்சுவிசைக்கேற்பப் பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் பொருட்டுப் பாயின்ட் பொருத்திய தட்டு இப்புறமும் அப்புறமும் திரும்பும்போது, மேலுறை முழுதாயிருக்க உள்ளே முறிந்துகிடக்கும் செம்பு இழைகள் ஒரு நிலையில் தொட்டும் மறுநிலையில் விலகியும் நின்றன. சென்னையில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய மின்சாதனங்களை உள்நாட்டிலேயே தயாரித்தமையால், நல்லது என்று தெரிந்த கண்டன்சரை மாற்றிப் பொருத்திப் பார்ப்பது பட்டறை வழக்கமாயிற்று. ஆனால் வண்டி எப்போது நிற்கிறது என்று ஓட்டுநரிடம் துருவிக் கேளாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போவதைப் பழுதறிதல் என்று கூற இயலாது.

எரிபொருள் வழியிலும் இதே கேள்விதான் விடை தந்தது. கோடையில் மேடேறும்போது நின்றால், எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்திய பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தைத் தடுத்திருக்கலாம். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. குறிப்பிட்ட தூரம் ஓடியபின் நின்று, டாங்க் மூடியைத் திறந்தவுடன் காற்று உள்ளிழுபடும் ஓசையோடு சரியானால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தது என்று பொருள்: பெட்ரோல் குறையக் குறைய டாங்கிற்குள் உண்டாகும் வெற்றிடம் பம்பின் இழுவிசையை வென்றுவிடும்.

அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட தற்கண்டறி முறை, பழுது பதிவாகும் கணத்தின் எஞ்சின் வெப்பத்தையும் சுழல்வேகத்தையும் கணினியின் நினைவில் குறித்துவைக்கத் தொடங்கியது. முன்னர் ஓட்டுநரின் வாய்மொழியாகப் பெறவேண்டியிருந்த செய்தியில் ஒரு பகுதி இவ்வாறு எழுத்தாயிற்று. ஆயினும் கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழந்து, எந்தக் குறியீட்டையும் பதிக்காமலே ஆறியபின் சீராகிவிடும் வண்டிகள் இன்றும் உள்ளன. அவற்றை எஞ்சின் சூடாகும்வரை ஓட்டி, நிற்கும் கணத்திலேயே சோதித்துப் பார்க்கும் பழைய முறையைத்தான் மெக்கானிக்குகள் கையாளுகின்றனர்.