கண்டி நடனம்

கண்டி நடனம் இலங்கையின் மத்திய மலைநாட்டில் வளர்ந்த சிங்கள ஆடற்கலை. சிங்களத்தில் இதை ‘உடரட்ட நெட்டும்’ என்பர். உடரட்ட என்றால் மேல்நாடு. மலைநாட்டு இராச்சியத்தின் பெயர் ‘கந்த உடரட்ட’. அதைப் போர்த்துக்கேயர் ‘காந்தியா’ என்று சுருக்க, கண்டி என்ற பெயர் நிலைத்தது.

நடனத்தின் வேர் கொஹொம்பா கங்காரிய என்னும் சாந்திச் சடங்கில் இருக்கிறது. இயக்கர் குல அரசி குவேனியின் சாபத்தால் நோயுற்ற பண்டுவாசுதேவ மன்னனைக் குணப்படுத்தவே அது முதலில் நடத்தப்பட்டது என்பது ஐதிகம். தலைமுறை தலைமுறையாக இதைக் காத்தவர்கள் பெரவா சமூகத்தவர். மேடைப் புகழ் பின்னாளில் வந்தது; இந்தக் கலைக்கு முதலில் நன்றி பெறவேண்டியவர்கள் அவர்களே.

முதன்மை ஆட்டம் வெஸ். வேஷம் என்ற வடசொல்லின் சிங்கள வடிவம் அது. வெள்ளி வேலைப்பாடுள்ள தலையணியும் மார்பை மூடும் மணிவலையும் சேர்ந்தது வெஸ் உடை. மாணவன் முதலில் காலில் ‘கெஜ்ஜி’ என்னும் சலங்கை கட்டும் சடங்கைக் கடக்கவேண்டும். பல ஆண்டுப் பயிற்சி முடிந்த பின்னரே சுபவேளை பார்த்து வெஸ் தலையணி சூட்டுவார்கள். நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே அதை அணிந்தனர்.

தமிழ் வாசகர் நின்று கவனிக்கவேண்டிய பகுதி வன்னம். யானை, குதிரை, மயில், அனுமன், கணபதி என 18 வன்னங்கள் உண்டு. கஜகா வன்னத்தில் யானையின் அசைந்த நடை அடியிலேயே தெரியும். நரேந்திரசிங்க மன்னன் (1707-1739) காலத்தில் இவை உருப்பெற்றன என்பது மரபு. மதுரையிலிருந்து அரசியரை மணந்தவன் அவன்; அவனுக்குப் பின் 1815 வரை ஆண்டவர்கள் நாயக்கர்கள். வன்னத்தில் சொல்லின்றித் ‘தன, தான’ என்று ஓசையாகப் பாடும் பகுதிக்குப் பெயர் தானம. திருப்புகழின் சந்தக் குழிப்பை அறிந்த காது உடனே இனம் கண்டுகொள்ளும். வன்னத்தை முடிக்கும் ஆட்டக் கோவை ‘அடவ்வ’. நம் பரதத்தில் அடவு. ‘உடெக்கி’ ஆட்டத்தில் கையில் பிடிப்பது உடுக்கை. ஸ்பெயினின் ஃபிளமென்கோவுக்கு அப்பெயர் வந்த விதம் பற்றி அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கண்டி நடனத்திலோ கடல்கடந்த உறவு பெயர்களிலேயே தெரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியக் காட்சி அமைப்பாளரின் குழுவினர் கண்டி ஆட்டக்காரர்களை ஐரோப்பியக் காட்சிகளுக்கு அழைத்துச் சென்றனர். இருபதாம் நூற்றாண்டில் நித்தவெல குணயா போன்ற ஆசான்களும், அதைப் புதிய மேடைக்கு எடுத்துச் சென்ற சித்ரசேனவும் பெயர் பெற்றனர். பெண்களும் ஆடத் தொடங்கினர். இன்று பாடசாலைகளில் பயிற்றப்படும் இந்நடனத்தை ஆண்டுதோறும் கண்டி எசல பெரஹரா ஊர்வலத்தில் காணலாம்.