நீர் நீங்கினால்...?

அணு உலைக்குள்ளே இரண்டு ஆட்சிகள். ஒன்று, யுரேனிய அணுவைப் பிளந்து, பிளவிலிருந்து புறப்பட்டு, அடுத்த அணுவைத் தேடி ஓடும் நியூட்ரானின் ஆட்சி. மற்றொன்று, அந்தப் பிளவிலே பிறக்கும் வெப்பத்தைச் சுமந்து செல்லும் நீரின் ஆட்சி. இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டால் போதாதோ? போதாது, தோழர்களே! நியூட்ரான் பெருகினால் வெப்பம் பெருகும். வெப்பம் பெருகினால் நீர் ஆவியாகும். நீர் ஆவியானால் நியூட்ரானின் போக்கே மாறும். எப்பக்கம் மாறும்? அங்கேதான் இருக்கிறது வாழ்வும் சாவும்.

1953-ல் அமெரிக்காவின் ஐடஹோ பாலைவெளியில், ஆர்கான் ஆய்வுக்கூடத்தார் 'போராக்ஸ்' எனும் சிற்றுலையை அமைத்தனர். நீர் கொதித்தால் உலை கட்டுமீறுமோ என்ற அச்சம் நிலவிய காலம். சாமுவேல் அன்டர்மயர் மாறாகக் கருதினார். அங்கே நியூட்ரானின் வேகத்தைத் தணித்து, அணுவைப் பிளக்கும் பக்குவத்துக்குக் கொணர்வது நீரே. நீர் ஆவியானால் அப்பணி குன்றும். உலை தானே அடங்கும் என்றார். அடங்கியது! 1954 ஜூலை 22 அன்று, உலையை அழித்தே பார்ப்பதெனத் துணிந்து, கட்டுப்பாட்டுத் தண்டை விசையோடு வெளியேறச் செய்தனர். உலை வெடித்துச் சிதறிற்று, கணக்கிட்டதைவிடக் கடுமையாக!

பின்னாளில் இந்த இரட்டைக் கணக்கு கணிப்பொறியிடம் சென்றது. நியூட்ரான் கணக்கு, உலையின் எந்த மூலையில் எவ்வளவு வெப்பம் என்று சொல்லும். அதை வாங்கிக்கொண்டு நீரின் கணக்கு, எங்கே கொதி, எங்கே ஆவி என்று விடை தரும். அந்த விடையால் முதற்கணக்கே பொய்யாகிவிட, மீண்டும் முதலிலிருந்து! இரண்டும் ஒத்துப்போகும் வரை ஓயாது.

செர்னோபிலுக்கு வருவோம். அந்தச் சோவியத் உலையில் நியூட்ரானின் வேகத்தைத் தணித்தது கிராஃபைட். நீரோ வெப்பத்தைச் சுமந்தது. நியூட்ரானையும் ஓரளவு விழுங்கியது. விழுங்கும் நீர் ஆவியானால்? நியூட்ரான் மிகும், வெப்பம் ஏறும், மேலும் ஆவி! ஐடஹோவில் அடக்கிய ஆவி இங்கே மூட்டியது. 1986 ஏப்ரல் 26, நள்ளிரவு கடந்து 1 மணி 23 நிமிடம் 40 வினாடி; உலையை நிறுத்தப் பொத்தானை அழுத்தினர். தண்டுகளின் முனையில் இருந்ததும் கிராஃபைட்! அது அடியிலிருந்த நீரைத் தள்ளிவிட்டு இறங்கியது. நிறுத்த வந்த தண்டே முடுக்கிவிட்டது. சில வினாடிகளில் உலை வெடித்தது.

யார் குற்றம்? அவ்வாண்டு ஆகஸ்டில் வியன்னாவில் கூடிய அறிஞர் அவையிலே, சோவியத் குழு இயக்குவோரையே பெரிதும் சுட்டியது. 1987-ல் மூவருக்குப் பத்தாண்டுச் சிறை. அவர்கள் விதி மீறவில்லையா என்றால், மீறினர். தண்டுகளைப் பெரும்பாலும் வெளியே இழுத்து, உலையை மிகக் குறைந்த ஆற்றலில் ஓட்டினர். ஆனால் தண்டு இறங்குகையில் ஆற்றல் ஏறும் விந்தையை 1983-லேயே லிதுவேனியாவின் இக்னாலினா உலையில் கண்டிருந்தனரே! வடிவமைத்தோர் அறிந்தனர், திருத்தினாரில்லை. இயக்கும் தொழிலாளிக்கு அதன் ஆபத்தை எடுத்துரைத்தாருமில்லை. கணக்கு மேலிடத்திலே, கை பொத்தானிலே!

1992-ல் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு தன் பழைய தீர்ப்பைத் திருத்தி, உலையின் அமைப்புக் குறைகளை முன்னே வைத்தது. அதற்குள் எஞ்சிய உலைகளிலே தண்டுகளை மாற்றத் தொடங்கியிருந்தனர். நியூட்ரானை விழுங்கும் பொருள்களைக் கூட்டினர். 1983-லேயே தொடங்கியிருக்க வேண்டிய வேலை.