சட்டம் மூடிய பள்ளிக்கூடம்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே ரோசட்டன்வில் என்ற வெள்ளையர் குடியிருப்பு. அதற்குள் கறுப்பின மாணவர்கள் தங்கிப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது: செயின்ட் பீட்டர்ஸ். ஆங்கிலிகன் துறவியர் நடத்திய இதை, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியோடு ஒப்பிட்டு, 'கறுப்பர்களின் ஈட்டன்' என்றார்கள். அதன் பெருமை கட்டடத்தில் இல்லை. இங்கிலாந்துப் பிள்ளைக்குக் கற்றுத்தரும் கணிதமும் இலக்கியமும் ஆப்பிரிக்கப் பிள்ளைக்கும் உண்டு என்பதில் அது உறுதியாக நின்றது.

எழுத்தாளர்கள் பீட்டர் ஆப்ரகாம்சும் எஸ்கியா எம்பஹ்லேலேவும் இங்கே படித்தவர்கள். ஆலிவர் டாம்போவும் இங்கே படித்தவர்தான். மாணவர் போராட்டத்தால் ஃபோர்ட் ஹேர் கல்லூரி அவரை வெளியேற்றிய பிறகு, வேலை கொடுத்துக் கணிதமும் அறிவியலும் நடத்தச் சொன்னது இந்தப் பள்ளி. பிற்காலத்தில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கே தலைவரானவர் அவர்.

1950களில் பள்ளியின் பொறுப்பில் இருந்தவர் ட்ரெவர் ஹடில்ஸ்டன் பாதிரியார். சேட்டைக்காரச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். ட்ரம்பெட் கிடைத்தால் யாரையும் தொந்தரவு செய்யமாட்டேன் என்றான் அவன். வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ட்ரம்பெட் கலைஞராகப் புகழ்பெற்ற ஹியூ மசெகேலா. பள்ளியில் ஓர் இசைக்குழுவே உருவானது. அமெரிக்காவிலிருந்து ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் ட்ரம்பெட் ஒன்றை அனுப்பிவைத்தார். தண்டிக்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்ட அந்தப் பாதிரியாரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1953இல் பான்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பினக் குழந்தைகளின் படிப்பு, வெள்ளையர் உலகில் அவர்களுக்கு ஒதுக்கிய உழைப்போடு நின்றுவிட வேண்டும் என்பது அமைச்சர் வெர்வூர்டின் கொள்கை. திருச்சபைகள் பள்ளிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். மறுத்தால் மானியம் கிடையாது. பல சபைகள் பணிந்தன. பிள்ளைகள் தெருவில் நிற்பதைவிட ஏதோ ஒரு பள்ளி இருப்பது மேல் என்ற அவர்களின் கவலையும் பொய்யல்ல. ஆனால் அடிமைத்தனத்தைக் கற்பிக்கத் தங்கள் கட்டடங்களைத் தரமாட்டோம் என்றது ஹடில்ஸ்டனின் சபை. 1956இல் செயின்ட் பீட்டர்ஸ் மூடப்பட்டது.

அதே வளாகத்தில் 1958இல் செயின்ட் மார்ட்டின்ஸ் திறந்தது, வெள்ளையர் பள்ளியாக. அதன் தலைமையாசிரியர் மைக்கேல் ஸ்டெர்ன், ஹடில்ஸ்டன் அழைத்து இங்கிலாந்திலிருந்து வந்தவர். ஒரே நிறத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது அவருக்கு ஒப்பவில்லை. எல்லை தாண்டிச் சுவாசிலாந்து போய், 1963இல் அம்பபானேவில் எல்லா இனத்தவரும் சேர்ந்து படிக்க வாட்டர்ஃபோர்டு பள்ளியைத் தொடங்கினார். சிறையிலிருந்த மண்டேலாவின் மகள்கள் செனானியும் சிண்ட்சியும் அங்கேதான் படித்தார்கள்.